மனம் புண்படுதல் துறை தொடங்கக் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: துணைவேந்தர் அவர்கள், புதுவைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டு.

அனுப்புநர்: சாரத்தில் குடியிருக்கும் ஒரு வரி கட்டுவோன்.

பெருமதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

உங்கள் வளாகத்தில் படித்தவன் அல்ல நான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து அதை வெளியிலிருந்து பார்த்தவன், அவ்வளவுதான். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகமும் மத்தியச் சிறையும் பக்கம்பக்கமாக இருப்பதை வெளியூர் நண்பர்கள் கேலி செய்வார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. “இரண்டும் ஒன்றா? சிறையில் யார் என்ன குற்றத்துக்காக உள்ளே இருக்கிறார் என்பது எழுத்தில் இருக்குமே” என்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம் உங்களுடையது. சுமார் 800 ஏக்கர் நிலம். குடியரசுத் தலைவர் பார்வையாளர், குடியரசுத் துணைத் தலைவர் வேந்தர். இத்தனை துறைகள் இருந்தும், உங்களுக்கு உண்மையான அனுபவம் உள்ள ஒரு பாடத்துக்கு மட்டும் துறை இல்லாதது பெரிய குறை. ‘மனம் புண்படுதல் துறை’ ஒன்றை உடனே தொடங்க வேண்டுகிறேன். முதுகலையிலிருந்து முனைவர் பட்டம் வரை போகலாம். நுழைவுத் தேர்வு வேண்டாம். யார் முதலில் புண்படுகிறாரோ அவருக்கே இடம்.

அனுபவம் என்று சும்மா முகத்துதிக்காகச் சொல்லவில்லை. 2016-இல் மாணவர் பேரவை ‘விடர்ஸ்டாண்ட்’ என்று ஆண்டு மலர் போட்டது. மத்திய அரசைக் குறைகூறும் எழுத்துகள் இருக்கின்றன என்று ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பினர் போர்க்கொடி தூக்கினார்கள். மலர் விநியோகம் நின்றது. மாணவர் மலரை யாராவது படிக்கிறார்களா என்று ஊரெல்லாம் பேராசிரியர்கள் அங்கலாய்க்கிறார்கள். நீங்கள் நிறுத்திவைத்த அன்று அதன் பெயர் செய்தித்தாள் வரைக்கும் வந்துவிட்டது. இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

2019 டிசம்பர் 23-ஆம் தேதி நடந்ததைப் பாடத்திட்டத்தில் தனி அலகாகவே வைக்கலாம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நேரம். குடியரசுத் தலைவர் வந்த பட்டமளிப்பு விழாவில், இதழியல் துறையில் தங்கப் பதக்கம் வாங்க வந்திருந்த மாணவி ஒருவரை அரங்கிலிருந்து வெளியே அழைத்துப் போனார்கள். குடியரசுத் தலைவர் கிளம்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள் என்று அவர் சொன்னார். ஏன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையாம். உள்ளே வந்தவர் பதக்கத்தை மறுத்துவிட்டுச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார். ஐந்து வார்த்தை பேசாமலேயே ஒருவர் கருத்துச் சொல்லிவிட முடியும் என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று. அதைத் தடுக்க என்ன வழி என்று உங்கள் புதிய துறை ஆராய வேண்டும்.

2024 மார்ச்சில் நிகழ்கலைத் துறையின் ‘எழினி’ விழாவில் ‘சோமயானம்’ நாடகம் போட்டார்கள். ராமாயணத்தைக் கேலி செய்துவிட்டார்கள் என்று புகார். போராட்டம், காவல் நிலையம், வழக்கு, விசாரணைக் குழு. துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டி வந்தது. நாடகம் எனக்கும் பிடிக்காமல் போயிருக்கலாம். பிடிக்காதவர்கள் அடுத்த வாரமே அதே மேடையில் எதிர் நாடகம் போட்டு, அந்த மாணவர்களை நார் நாராகக் கிழித்திருக்கலாம். அதற்கு ஒத்திகை வேண்டும், வேடம் கட்ட வேண்டும், மைக் செட் சொல்ல வேண்டும். புகாருக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். சிக்கனத்துக்கும் உங்கள் வளாகம் வழிகாட்டுகிறது.

புதிய துறைக்கு மற்ற வளாகங்களிலிருந்து வருகைதரு பேராசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கினார்கள். எதை வைத்து? டெல்லி அமைச்சகத்துக்குப் போன ஒரு மொட்டைக் கடிதாசியை வைத்து. பெயர் போட்டுப் பேசிய மாணவர்களைவிடப் பெயர் போடாதவருக்கு அத்தனை மரியாதை. ஜூன் மாதம் அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் எனக்கு வருத்தம். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2020 நவம்பரில் அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் தி காம்ரேட்ஸ்’ நூலை முதுகலை ஆங்கிலப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு, மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தது. (கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர். பாவம், அவரை இப்படியா உள்ளே கூட்டிவர வேண்டும்!) ஜே.என்.யு. 2023-இல் விலைப்பட்டியலே போட்டுவிட்டது. கல்விக் கட்டடங்களுக்கு 100 மீட்டருக்குள் தர்ணா இருந்தால் 20,000 ரூபாய் வரை, தேசவிரோத முழக்கத்துக்கு 10,000. கத்துவதைவிடச் சும்மா உட்காருவதற்கு இரட்டிப்பு விலை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொருளாதாரத் துறையைக் கேட்டுச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஒரே கட்சியின் குத்தகை என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017-இல் அ.தி.மு.க. ஆட்சியில், துண்டறிக்கை கொடுத்ததற்காகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. சில வாரங்களில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1971-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சர் கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள், தடியடி நடந்தது, உதயகுமார் என்ற மாணவர் செத்துப்போனார். அந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை, மன்னியுங்கள்.

நூலகத்துக்கும் ஓர் எச்சரிக்கை. மணிமேகலை என்றொரு காப்பியத்தை அலமாரியில் அலட்சியமாக வைத்திருப்பீர்கள். அதில் ஒரு பெண் வஞ்சி நகருக்குப் போய்ச் சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் என்று ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப் போய்க் கருத்துக் கேட்கிறாள். கண்ணால் கண்டது மட்டுமே உண்மை என்னும் பூதவாதியும் தன் கட்சியைச் சொல்கிறான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பதிவாளரிடம் மனுக் கொடுத்தாளா என்றால் இல்லை. அப்படியானால் உன் தாய் தகப்பனை நீ எப்படி அறிந்தாய் என்று ஒரே கேள்வியில் மடக்கிவிட்டு நகர்கிறாள். இவர்களில் யாரும் முன் அனுமதி வாங்கியதாகச் சாத்தனார் எழுதவில்லை. இளம் வயதினர் கையில் கிடைக்கக் கூடாத நூல்.

புதுச்சேரிக்காரனாக இன்னொரு சங்கடம். 1908-இல் பாரதியார் சென்னையிலிருந்து இங்கே ஓடிவந்தது கடற்காற்று வாங்க அல்ல. அங்கே அச்சிட முடியாத ‘இந்தியா’ பத்திரிகையை இங்கே அச்சிட்டார். பிரிட்டிஷ்காரன் தன் எல்லைக்குள் அதை வரவிடாமல் தடுத்தான், 1910-இல் பத்திரிகை நின்றது. ஆனாலும் ஆள் 1918 வரை இங்கேயே இருந்தார். பிரெஞ்சுக்காரர் தர்மப் பிரபுக்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களும் நம் தலையில் உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் பேச இடம் தேடி வருகிறவர்கள் இறங்குகிற ஊர் என்று இதற்கொரு பேர் இருந்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீட்டை உங்கள் மாணவர்கள் போய்ப் பார்க்காமல் இருக்க ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் சிக்கல் தீரும்.

புதிய துறைக்கு உதவியாக, கருத்தரங்க அனுமதிப் படிவம் ஒன்றை நானே தயார் செய்திருக்கிறேன். பேசுபவர் பெயர், அப்பா பெயர், பேசப்போகும் கருத்து, அந்தக் கருத்து ஏற்கெனவே எல்லோருக்கும் உடன்பாடானதுதானா, ஆம் எனில் ஏன் பேச வேண்டும், இல்லை எனில் ஏன் பேச வேண்டும். கீழே விடுதிக் காப்பாளர், துறைத் தலைவர், பாதுகாப்பு அதிகாரி, பதிவாளர் ஆகியோர் கையொப்பம். புண்படக்கூடியவர்களிடம் தடையில்லாச் சான்று, மூன்று நகல். கேள்வி நேரம் உண்டு. கேள்விகளை ஒரு வாரம் முன்பே தபாலில் அனுப்ப வேண்டும்.

என் பெயரையும் கதவு எண்ணையும் உறையின் பின்பக்கம் தெளிவாக எழுதியிருக்கிறேன். அதனாலேயே இது உங்கள் மேசைக்கு வந்துசேரத் தாமதமாகும் என்று தெரியும். அவசரம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், பெயரை அடித்துவிட்டு டெல்லி வழியாக மறுபடியும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சாரத்துக்காரன்,
புதுச்சேரி.