கடனாளிக்கே கடாட்சம்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் தவறாமல் விளைந்த வயலை விற்று, மகளை ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பிவிட்டு, கட்டண ரசீதுகளை மஞ்சள் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு நாகர்கோவில் ஆடிட்டர் வீட்டுப் படியேறுகிற தகப்பனார், 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் விசித்திர தர்மத்தை அங்கேதான் தரிசிக்கிறார். 80சி பிரிவு, கல்விக் கட்டணத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கழிவு தருவதென்னவோ வாஸ்தவம். ஆனால் கல்லூரி பாரத பூமிக்குள் இருக்கவேண்டும். கடல் கடந்த சரஸ்வதி அதற்கு அந்நிய ஸ்திரீ.

சொந்தப் பணத்தைச் செலவிட்டவருக்கு இப்படிக் கைவிரிக்கிற அதே சட்டம், பாங்கியில் கடன் வாங்கினவரைக் கண்டால் மட்டும் மனமுருகி, கல்லூரி எந்தக் கண்டத்தில் இருந்தாலும், எட்டு வருஷம் வரை, கட்டிய வட்டி முழுவதற்கும் உச்சவரம்பின்றி 80இ பிரிவின்கீழ்க் கழிவு அருளுகிறது. அசலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாய்மாமனிடம் வாங்கிய கடனுக்கோ வட்டிக்குக்கூட இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர் 80சி, 80இ இரண்டையுமே மறந்துவிடலாம். 2025-இல் புதுச் சட்டம் இயற்றியபோதும் பிரிவுகளின் எண்கள் மாறினவே தவிர, தர்மம் மாறவில்லை.

ஆகவே பிள்ளையைச் சீமைக்கு அனுப்ப உத்தேசித்திருக்கும் பெற்றோர்களே, வயலுக்கு விலை பேசுமுன் பாங்கி மானேஜரைப் பாருங்கள். சிக்கனத்தைச் சர்க்கார் வாயாரப் புகழும், சலுகையை மட்டும் கடனுக்குத்தான் கொடுக்கும்.