15 விநாடிச் சிரஞ்சீவி

மின்சாதனத்தில் இருக்கும் எச்சரிக்கை வாசகம் காலத்துக்கும் நிற்குமா என்று பார்க்க ஐஎஸ் 302 என்ற இந்தியத் தரநிர்ணயத்தில் ஒரு சோதனை உண்டு. தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி கையால் தேய்க்க வேண்டும். பிறகு பெட்ரோலிய ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் இன்னொரு 15 விநாடி. மற்ற சோதனைகளும் முடிந்தபின் எழுத்து தெளிவாகத் தெரிந்து, லேபிள் எளிதில் உரியாமல், ஓரம் சுருளாமல் இருந்தால் தேர்ச்சி. அரை நிமிடத் தேய்ப்பில் நித்தியத்துவம்! நம் மிக்ஸியோ பத்து வருடம் புளித்தண்ணீர், எண்ணெய்க் கை, பாத்திர சோப்பு, வேளைக்கொரு ஈரத்துணி எல்லாம் பார்த்தாக வேண்டும்.

அந்த அரை நிமிடத்துக்கே தாக்குப்பிடிக்காத சரக்குகளும் கடைத்தெருவில் தொங்குகின்றன. மலிவு விலை ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்கள். பிறந்ததே தண்ணீருக்குள் இறங்குவதற்கு. ‘நீரில் அமிழ்த்திய பிறகே ஸ்விட்ச் போடவும், அணைத்த பிறகே நீரைத் தொடவும்’ என்ற உயிர்காக்கும் வாசகத்தை மட்டும் ஒரு காகிதத் துண்டில், கடுகளவு ஆங்கில எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். வாளி ஆவி இரண்டு முறை பட்டால் எச்சரிக்கைக்கு மோட்சம்.

ஒட்டத் தெரியாதவர்களா இவர்கள்? விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவி, ஊறவைத்தும் கழற்ற முடிவதில்லை. திருகாணியின் தலையில் ‘கிழிந்தால் வாரன்ட்டி இல்லை’ என்று உட்கார்ந்திருக்கும் ஸ்டிக்கர் நம்மையெல்லாம் வழியனுப்பிவிட்டுத்தான் போகும். கம்பெனிப் பெயரோ பிளாஸ்டிக்கிலேயே வார்த்து எடுத்தது. வோல்ட்டையும் வாட்டையும் எச்சரிக்கையையும் அதே அச்சில் வார்க்க எந்த விஞ்ஞானம் தடுக்கிறது? தங்கள் பணத்தைக் காப்பதை வார்க்கிறார்கள். நம் உயிரைக் காப்பதை ஒட்டுகிறார்கள். கணக்கில் துளியும் பிசகில்லை.

ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் என்ற உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டு அசலா போலியா என்று பார்த்துக்கொள்ளலாமாம். அருமையான ஏற்பாடு. உரிந்துபோன எண்ணை எந்தப் பெட்டியில் தட்டுவது என்பதையும் செயலியில் சேர்த்துவிட்டால் தேவலை.

ஷாக் அடித்து ஓர் உயிர் போனால் பழி மட்டும் உடனே வந்து ஒட்டிக்கொள்கிறது: ‘பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.’ அதை எந்த ஸ்பிரிட்டாலும் அழிக்க முடியாது. கூடவே ஒரு உபதேசம்: “முத்திரை பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?”

பார்த்துத்தான் வாங்கினோம், ஐயா. வாங்கும்போது இருந்தது.