சன்னல் வெளிச்சமும் பழைய பித்தளையும்

வீட்டில் சமைத்ததைப் படம் எடுக்கத் தேவையானவை மூன்று: வெளிச்சம் வரும் ஒரு சன்னல், ஒரு செல்பேசி, பசியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் குடும்பம். முதல் இரண்டும் தமிழ்நாட்டு வீடுகளில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இந்த வேலைக்கு ஸ்டுடியோ விளக்கு தேவையில்லை. சூரிய வெளிச்சத்தில் தின்பண்டத்தைப் படம் எடுக்கும் பழக்கம் ஏறக்குறைய புகைப்படக் கலையின் வயதுடையது. இங்கிலாந்துக்காரரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ நூலில் 24 படங்கள் உண்டு. கடைசிப் படம் கூடையில் அடுக்கிய பழங்கள். பழத்தில் ஒரு சௌகரியம், எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் ஆறிப்போகாது. டால்பட் தோசையை எடுக்க முயன்றிருந்தால் நூல் 23 படங்களோடு நின்றிருக்கும்.

வெளிச்சத்துக்கு வடக்குப் பார்த்த சன்னலே உத்தமம் என்று மேல்நாட்டுக் கையேடுகள் அடித்துச் சொல்கின்றன. ஐரோப்பாவில் உச்சிப்பொழுதுச் சூரியன் வருடம் முழுவதும் தெற்கே நிற்பதால் அங்கே அது சரி. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் இங்கே நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழலையே விழுங்கிவிடும். இடைப்பட்ட நாட்களில் அது வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகவே கையேட்டை நம்பி மே மாதத்தில் வடக்குச் சன்னலில் தயிர்சாதத்தை வைப்பவர், எடுக்கும் படம் எப்படியோ, தயிரைப் புளிக்கவைப்பது நிச்சயம். உள்ளூருக்குப் பொருந்தும் விதி எளிமையானது. காலையில் மேற்குச் சன்னல், மாலையில் கிழக்குச் சன்னல். சூரியன் எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கத்து வெளிச்சம்தான் மெத்தென்று இருக்கும்.

நல்ல வெளிச்சம் விழும் இடத்தைக் கண்டுபிடிக்க அளவுமானி எதுவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர் சாய்வு நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிக்கும் இடமே அது. முப்பது நாற்பது வருட அனுபவத்தில் அவர் தேர்ந்தெடுத்த இடம், தவறாக இருக்க வாய்ப்பில்லை. அதை அரை மணி நேரம் கடன் வாங்குவதுதான் இந்தக் கலையின் மிகக் கடினமான பகுதி. அவர் காப்பி குடிக்க எழும் நேரத்தைக் கணக்குப் பண்ணி வைத்துக்கொள்வது லென்ஸ் வாங்குவதைவிடப் பயன் தரும்.

வெயில் நேராக அடித்தால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். அப்போது சன்னலுக்குக் குறுக்கே வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சம் பரவி மென்மையாகும். கட்சிக் கரை வேட்டியைத் தவிர்ப்பது நல்லது. கரையின் நிறம் வெளிச்சத்தோடு கலந்தால் இட்லிக்கு அரசியல் சாயம் ஏறிவிடும். சன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, இருண்ட பக்கத்தைச் சற்றுத் தெளிவாக்கும். டிவி வந்த பெட்டியை இன்னும் பரணில் வைத்திருக்கும் வீடுகளில் இதற்குக் காசு செலவில்லை.

படம் எடுக்கும்போது அறையின் விளக்குகளை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் நிறவெப்பம் உடையது, பழைய குண்டு பல்பு சுமார் 2700. இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால் கேமராவால் ஒன்றைத்தான் சரிக்கட்ட முடியும். ஒரு பக்கச் சோறு நீலம் பூக்கும், அல்லது மறுபக்கச் சோறு மஞ்சள் காமாலை கண்டதுபோல் நிற்கும். ஆனால் பட்டப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் குழம்புச் சட்டிக்கு முன்னால் குனிந்து நிற்பதைக் கண்டு, “இருட்டுல என்ன பண்றே, கண்ணு கெட்டுடும்” என்று சுவிட்சைப் போட ஒரு அத்தையாவது வருவார். அவருக்குக் கெல்வின் கணக்கை விளக்கிப் பயனில்லை.

வெளிச்சம் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரட்டும். பக்கவாட்டு வெளிச்சம் வடையின் மேடுபள்ளத்தையும், பின்வெளிச்சம் ரசத்தின் மினுமினுப்பையும் ஆவியையும் காட்டும். பின்னணி கறுப்பாக இருந்தால்தான் ஆவி கண்ணுக்குத் தெரியும். மின்விசிறி சுற்றினால் கறுப்பு இருந்தும் பயனில்லை, ஆவி கலைந்துவிடும். நேர் எதிரிலிருந்து செல்பேசி ஃபிளாஷ் அடித்து எடுத்த குழம்பு ஆதார் அட்டைப் படத்தை ஒத்திருக்கும். உடையவருக்கே அடையாளம் தெரியாது.

எளிதென்று தோன்றி ஏமாற்றுவது இட்லி. கேமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே வெளிச்சத்தை அளக்கிறது. படம் நிறைய இட்லியைக் காட்டினால், இவ்வளவு வெள்ளை உலகில் இருக்க முடியாது என்று முடிவு செய்து மங்கலாக்கிவிடும். மல்லிகைப்பூ இட்லி ரேஷன் அரிசி இட்லியாக மாறும். திரையில் இட்லியைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ள வேண்டும். கேழ்வரகுக் களிக்கு நேர்மாறு: குறியைக் கீழே தள்ளாவிட்டால் களி வெளுத்துப்போகும்.

அடுத்தது பாத்திரம். எவர்சில்வரைப் போலப் புகைப்படக்காரரைக் காட்டிக்கொடுக்கும் உலோகம் வேறில்லை. டம்ளரின் வளைவில் சன்னல், தெர்மாகோல், மேல்சட்டை போடாமல் குனிந்திருக்கும் கலைஞர் என எல்லாம் தெரியும். கண்ணாடியிலும் நீரிலும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வெற்று உலோகத்திடம் தோற்றுவிடுகிறது. அந்தப் பிரதிபலிப்பு அதற்கு அகப்படாத வகை. சட்டை போட்டுக்கொள்வது, அல்லது மங்கிய பழைய பாத்திரத்துக்கு மாறுவது. வழி இவ்வளவுதான்.

பழைய பாத்திரத்தின் பொருளாதாரம் விசித்திரமானது. பாட்டி பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினார். மிச்சம் மீதி ஈயம் பித்தளை தெருவில் வந்த பேரீச்சம்பழக்காரரிடம் போயிற்று. அதே வகை அண்டாவைப் பேரன் இன்று பழம்பொருள் கடையில் எடைக்கணக்கு இல்லாத விலை கொடுத்து வாங்குகிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் மர அஞ்சறைப்பெட்டி முதல் தூண் வரை கிடைக்கும். கடல் கடந்து வாணிகம் செய்த நகரத்தார் வீடுகளுக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த எனாமல் தட்டு, தூக்குகளும் அங்கே உண்டு. சென்னைக்கு இந்த விஷயத்தில் பெயர் வாங்கித் தந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கு இரையாயிற்று. எதையும் வாங்கும் முன் சொந்தப் பரணில் ஏறிப் பார்ப்பது சிக்கனம். ஏறியவர் ஒட்டடையையும் சேர்த்து அடித்துவிட்டு இறங்க வேண்டும் என்பது எழுதப்படாத விலை.

பழைய பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும். யாரோ யாருக்கோ கல்யாணத்துக்குக் கொடுத்தது, தேதியும் ஊரும் சேர்த்து. அந்தப் பக்கத்தைத் திருப்பி வைக்காவிட்டால் படத்தைப் பார்க்கும் உறவினர்கள் பாயசத்தை விட்டுவிட்டு, இது எந்த வீட்டுப் பாத்திரம், எப்படி வெளியே போயிற்று என்ற விசாரணையில் இறங்குவார்கள். வாங்கி வந்த பித்தளையைக் கண்காணிப்பில்லாமல் சமையலறையில் வைப்பதும் ஆபத்து. அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கவிழ்த்துவிடுவார். எந்த மங்கலுக்காகப் பணம் கொடுக்கப்பட்டதோ அது சாக்கடையில் போயிருக்கும்.

வேடிக்கையில்லாத செய்தி ஒன்று: ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பான பண்டம் பட்டால் செம்பு கரைந்து இறங்கும். உள்ளே ஒரு கிண்ணத்தை ஒளித்து அதில் ரசத்தை ஊற்றுவது பாதுகாப்பு. சில்லு பெயர்ந்த பழைய எனாமல் தட்டும் பார்வைக்கு மட்டுமே.

பாத்திரம் சிறியதாக இருப்பது நல்லது. பெரிய தட்டில் இரண்டு வடை வைத்தால் விரதம் போலத் தெரியும். பாயசத்துக்குப் பின்னால் அரிவாள்மணையை நிறுத்துவது, பொங்கலைச் சுற்றி அன்னாசிப்பூவை இறைப்பது போன்றவை எதற்கென்று யாருக்கும் தெரியாது. எறும்புக்கு மட்டும் தெரியும்.

விளம்பர உலகின் தந்திரங்கள் வீட்டில் எடுபடா. அமெரிக்காவில் கேம்பெல் நிறுவனம் சூப் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறிகளை மேலே மிதக்கவிட்டது. விவகாரம் அந்நாட்டு வணிக ஆணையம்வரை போய், 1970-இல் அந்த உத்தி கைவிடப்பட்டது. வீட்டுச் சாம்பாரில் முருங்கைக்காய் மூழ்கினால் அடியில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கலாம். சாப்பிட உட்காருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

வாழையிலை தனி அத்தியாயம். பச்சை இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சோற்றுக்கும் பச்சை பூசும் என்பது சிறிய குறை. பெரிய குறை, எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் இலை நுனி வலப்பக்கம் வந்துவிடுவது. இலையில் பதினாறு வகை இருந்தாலும் பெரியவர்கள் கண்ணில் படுவது அது ஒன்றுதான். சாப்பிடுபவர் பக்கம் நின்று, நுனியை இடப்பக்கம் வைத்தே எடுக்க வேண்டும்.

காலை எட்டு மணியிலிருந்து பத்து வரையும், மாலை மூன்றரைக்கு மேலும் வெளிச்சம் நன்றாக இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெயில் உச்சியில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வெயிலே இல்லை. ஆகையால் வீட்டுப் புகைப்படக்காரருக்கு வாய்ப்பது பெரும்பாலும் காலைப் பலகாரமே. அதிலும் தோசையின் மொறுமொறுப்பு சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். கோணத்தையெல்லாம் காலித் தட்டை வைத்துப் பார்த்து முடித்துவிட்டுத்தான் தோசையைக் கேட்க வேண்டும். படம் சரியாக வரவில்லை, இன்னொன்று வார்த்துக் கொடுங்கள் என்று அடுப்பை அணைத்த பிறகு கேட்டால் கிடைக்காது.