கொட்டகலைக் குளிரும் கொழும்பு வேர்வையும்: ஓர் ஆய்வு

மேல்நாட்டு முதியோர் ஓய்வுக்காலத்தில் வெயிலைத் தேடிப் போவார்கள். இலங்கையில் வெயில் இலவசம், குளிருக்குத்தான் காசு. ஏப்ரல் பிறந்தால் கொழும்பே வேன் பிடித்து நுவரெலியாவுக்கு ஏறுவது அதனால்தான். அதே குளிர் சும்மா கிடைக்கிற கொட்டகலையில் பிறந்தவர்களோ புறக்கோட்டைக்கு இறங்குகிறார்கள். இறங்கியவர் அறுபது தாண்டியும் திரும்ப ஏற மாட்டேன் என்கிறார். ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் முன்னோடிகள். ஓர் இடப்பெயர்வு ஓட்டம் இருந்தால் அதற்கு ஓர் எதிரோட்டமும் இருக்கும் என்று 1885இல் இலண்டனில் விதி எழுதினார் ரேவன்ஸ்டைன். அதே 1885இல்தான் மலைநாட்டு ரயில் பாதை கொட்டகலையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. இதைத் தற்செயல் என்பவர் ஆய்வுத்துறைக்கு லாயக்கில்லாதவர். அடுத்தவர் சாமுவேல் பேக்கர். காய்ச்சலில் விழுந்த உடம்பைத் தேற்ற நுவரெலியா வந்து, அந்தக் காற்றில் மயங்கி 1848இல் குடியேற்றமே அமைத்தவர். 1855இல் அவரும் மூட்டை கட்டிவிட்டார். துரை இறங்கினால் வரலாறு, தொழிலாளி மகன் இறங்கினால் மட்டும் நன்றிகெட்டதனமா?

ஆய்வுக்களம், கொட்டாஞ்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடை. தகவலாளி, புடவைக்கடை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கொட்டகலை மாமா ஒருவர். ஆய்வுக்கருவி பிளேன்டீ, செலவு ஆய்வாளருடையது.

இரவு பதினொரு மணிக்கும் கொத்து ரொட்டி கிடைப்பதே காரணம் என்ற கருதுகோள் உடனே கைவிடப்பட்டது. மாமாவுக்குச் சீனி வருத்தம். இரவில் இரண்டு கிரேக்கர் பிஸ்கட்தான்.

குளிர் பிடிக்கவில்லையோ என்று கேட்டோம். "குளிரு நல்லதுதான் தம்பி, காஞ்ச உடுப்பு இருந்தா" என்றார். தென்மேற்குப் பருவமழை இறங்கினால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் துணி காய ஒரே இடம் அடுப்புக்கு மேலே கட்டிய கொடி. பள்ளிக்கூடச் சட்டை விடிவதற்குள் காய்ந்துவிடும்; ஆனால் விறகுப்புகை வாசனையோடு. யார் லயத்துப் பிள்ளை என்று வாத்தியார் இடாப்பைப் பார்க்காமலே சொல்லிவிடுவாராம். கொழும்பில் சட்டை வேர்வையில்தான் நனைகிறது. அந்த நாற்றத்தை வைத்து யாராலும் ஊர் கண்டுபிடிக்க முடியாது.

ஆய்வு சூடு பிடித்தது முகவரியில். லயத்துக் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து கை மாறி, வாய் மாறி வீடு சேரும். மாமாவுக்கு இளவயதில் வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகே கைக்குக் கிடைத்திருக்கிறது. இப்போது ஒழுங்கை ஒன்றில் ஒற்றை அறை வாடகைக்கு. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தண்ணீர் பில்லை எடுத்து மேசையில் விரித்தார். அதில் வீட்டு இலக்கம், ஒரு சாய்கோடு, அதற்கப்புறம் இன்னோர் இலக்கம். பெயர் வீட்டுக்காரருடையது ஆயிற்றே என்றோம்.

"பேரு யாருதா இருந்தா என்னா தம்பி, நம்பரப் பாருங்க!"

இங்கே எதிர்வாதம் ஒன்று எழலாம்: ஓய்வுபெற்றவருக்கு மலையில் வாடகை மிச்சமாகுமே? ஆகாது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் வீட்டில் ஒருவர் பெயராவது இருக்கும்வரைதான் நிம்மதி. ஏழு பேர்ச் காணி, தனிவீடு என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் மலையேறி வருகிறது. சிலருக்கு வீடும் கிடைத்திருக்கிறது. மாமாவின் லயத்துக்கு இதுவரை பேச்சுதான்.

ரேவன்ஸ்டைனின் எதிரோட்டமும் பொய்யில்லை. தீபாவளிக்கு மாமா பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் போவார். முதல் நாள் காற்றைப் புகழ்வார், இரண்டாம் நாள் தண்ணீரை. மூன்றாம் நாள் காலை ரயிலேறி, சிங்கமலைச் சுரங்கம் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவார்.

ஏப்ரலில் மலையேறும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வழியில் கொட்டகலையில் இறங்கி, "இவ்வளவு நல்ல ஊரை விட்டுட்டு ஏன் கொழும்புக்கு வாறீங்க?" என்று யாரையும் கேட்காதீர்கள். கேட்டே தீரவேண்டுமானால் முதலில் லயத்தில் ஒரு வாரம் தங்குங்கள். ஜூலை மாதம் உகந்தது. மாற்றுடுப்பு நிறையக் கொண்டுபோங்கள்.