இரவல் கலை இயக்குநர்

மாணவர் குறும்படக் குழுவில் கதாசிரியர் கோபித்துக்கொண்டு விலகுவதுண்டு, கதாநாயகி பருவத்தேர்வைக் காரணங்காட்டி வராமற்போவதுண்டு. ஆயினும் கலை இயக்குநராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர் மட்டும் ஒருபோதும் பின்வாங்குவதில்லை. காட்சித் தொடர்பியல், அதாவது விஸ்காம், பயிலும் இவ்விளைஞர், பள்ளிப்பருவ நகைச்சுவைப் படத்துக்கு வேண்டிய ப்ராப்பர்ட்டிகள், அதாவது நடிகர் கையாளும் பொருள்கள், வடபழனி வட்டாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் என்பதை நன்கறிவார்; வாடகை கொடுக்க வேண்டும் என்பதையும் அறிவார்; ஆதலால் அக்கம்பக்கத்து வீடுகளையே நாடுகிறார்.

"ஒரே நாள்தான் ஆன்ட்டி, சாயங்காலமே கொண்டாந்து குடுத்துடறேன்" என்று இவர் எதிர்வீட்டில் பெறும் சட்டை, பத்தாம் வகுப்புச் சிறுவனின் சீருடை. அதை அணிபவரோ மீசை முற்றிய இருபது வயதுக் கதாநாயகர். மூச்சை உள்ளிழுத்தால் மட்டுமே இரண்டாம் பொத்தான் பூட்டுமாதலால், அவர் வசனம் அனைத்தையும் மூச்சடக்கியே பேசுகிறார். துறைப் பேராசிரியர்கள் அதை நுட்பமான நடிப்பென்று பாராட்டுகின்றனர். மூன்றாம் காட்சியில் அச்சட்டையின் மீது மை கொட்டுகிறது. வெவ்வேறு நாளில் எடுத்த காட்சிகள் இடையறாது நிகழ்வனவாகத் தோன்றும்படி உடை, கறை, தலைமுடி ஆகியவற்றை மாறாமற் காப்பது கன்டினியூட்டி எனப்படும். தொழில்முறைப் படங்களில் இதற்கெனவே ஒரே மாதிரியாக இரண்டு மூன்று சட்டைகள் வைத்திருப்பர். இவரோ கறை போய்விடுமென்று அஞ்சி, துவைக்கவும் விடாமல், சட்டையைத் தம் பீரோவில் பூட்டிவிடுகிறார். உரியவன் கலர் சட்டையில் பள்ளிக்குச் சென்று வகுப்புக்கு வெளியே நிற்கிறான். கேட்க வந்த தாயிடம், "'96' படத்துல த்ரிஷாவே முக்கால்வாசி நேரம் ஒரே மஞ்சள் குர்தாதானே ஆன்ட்டி" என்று 2018-இல் வெளிவந்த படத்தைச் சான்று காட்டுகிறார். அப்படத்துக் காதலர்களின் சந்திப்பு ஓரிரவில் முடிந்துவிடுகிறது என்பதும், தம் படப்பிடிப்பு வாரக்கணக்கில் இழுக்கிறது என்பதும் இவருக்கு ஒரு பொருட்டன்று. கறைக்கு முந்தைய முதற்காட்சியை இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததும் பக்கத்துத் தெருவில் இன்னொரு சட்டை இரவல் வாங்கப்படுகிறது. அதில் வேறு பள்ளியின் முத்திரை இருப்பதால், கதாநாயகர் அக்காட்சி முழுவதும் புத்தகத்தை மார்போடு அணைத்தபடியே காதலிக்கிறார்.

எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கத்தால், மதிய உணவுக் காட்சியில் டப்பா ஒரு குடும்பத்துக்கும் மூடி மற்றொரு குடும்பத்துக்கும் உரியதென்பது திரையிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

எனினும், இரவல் வாங்கிய மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையின் கரும்பலகை மூலையில் தேதி, பாடம், பதிவு 42, வருகை 40 என்று சாக்பீஸால் எழுதிவைக்க வேண்டுமென்பது குழுவில் இவர் ஒருவருக்கே தோன்றியது. அந்த இருவர் ஏன் வரவில்லை என்பதற்கும் இவரிடம் ஒரு கதை உண்டு. அத்தகைய கண் பயிற்சியால் மட்டும் வருவதன்று.

ஆனால் அதே வகுப்பறையின் மேசையில், காதலர் இருவரின் முதலெழுத்துகளை இதய வடிவத்துக்குள் கவராயத்தால் ஆழச் செதுக்கியவரும் இவரே. சாக்பீஸால் வரைந்திருந்தாலும் கேமராவுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஞாயிறு மாலைக்குள் அறையைப் பழையபடி ஒப்படைப்பதாகக் கடிதத்தில் கையெழுத்திட்டவர், திங்களன்று உப்புத்தாளும் வார்னிஷும் எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை, மேசைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு தலைமையாசிரியரின் தலையில் விழுந்திருக்கிறது.