நெறியாளர் என்னும் வல்லரசு

சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் பெற நெட் தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது. நெறியாளரிடம் காலியிடமும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பேராசிரியருக்கு 8 மாணவர்கள், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தற்காலிக உறுப்பினர்கூட 2 ஆண்டில் எழுந்துவிடுவார். இங்கே உட்கார்ந்த மாணவர் எழ 6 ஆண்டுவரை ஆகலாம், கேட்டால் இன்னும் 2. அதுவரை உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் மௌனத்தை ராஜதந்திரம் என்று கொள்க.

இடம் கிடைத்தால் அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தை. நீங்கள் நினைத்தது பாலஸ்தீனம். அவருக்குத் தெரிந்தது பஞ்சாயத்து ராஜ். கையெழுத்தாகும் ஒப்பந்தம் எதுவென்று சொல்லவும் வேண்டுமா?

ஒன்று மட்டும்: ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் வாசலில் நிற்காதீர்கள். புதிய மாணவரைச் சேர்க்க அவருக்கு அனுமதியே இல்லை.