வண்டிக்கு ரேஷன் அரிசி

நம் மத்திய அரசைப் போல இரக்கமுள்ள அரசு உலகில் கிடையாது. பட்டினி கிடக்கும் பைக்கைப் பார்த்தால் அதற்கு மனசு தாங்காது.

2023 ஜூனில் கர்நாடக அரசு, ஏழைகளுக்கு இலவச அரிசி தரும் அன்னபாக்யா திட்டத்துக்காக இந்திய உணவுக் கழகத்திடம் அரிசி கேட்டது. ஓசியில் அல்ல, கிலோ 34 ரூபாய் கொடுத்து. விலைவாசியை அடக்க இருப்பு வேண்டும், மாநிலங்களுக்கு விற்பனை இல்லை என்று டெல்லி கையை விரித்தது. அதே நாட்களில் அதே கழகத்தின் அரிசி, கிலோ 20 ரூபாய்க்கு, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழை தின்றால் விலைவாசி ஏறும், இன்ஜின் குடித்தால் ஏறாது போலிருக்கிறது! ஜூலையில்தான் அதையும் நிறுத்தினார்கள். 2025-ல் கதவை அகலமாகத் திறந்துவிட்டார்கள்: 52 லட்சம் டன் வரை, கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு. அரசுக்கு அந்த அரிசியின் அடக்கவிலை 40 ரூபாயை ஒட்டி வருகிறது. மிச்சத்தை யார் கட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள், உங்கள் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள்.

கரும்புக்கு வருவோம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இது பசுமை எரிபொருள் என்று, மகாராஷ்டிரத்தின் வறண்ட மராத்வாடாவில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடும் பெண்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

வைக்கோலிலிருந்தும் எத்தனால் எடுக்கலாம். பானிபட்டில் 2022-ல் 900 கோடி ரூபாய்க்கு அப்படி ஓர் ஆலையைத் திறந்தார்கள். வயலில் கொளுத்தும் வைக்கோல் டேங்குக்குப் போவது உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் வைக்கோலுக்கு எம்.பி. கிடையாது, சர்க்கரை ஆலைக்கு உண்டு.

2030-க்கு வைத்த 20 சதவீதக் கலப்பு இலக்கை 2025-லேயே முடித்துவிட்டார்கள். சபாஷ். அதே நிதி ஆயோக் அறிக்கை, பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும், அதை ஈடுகட்ட வரிச்சலுகை தரலாம் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை. பங்கில் சாதா பெட்ரோல் என்றாலே இப்போது இந்த 20 சதவீதக் கலப்பான இ20தான். அதற்காக விலையில் பத்துப் பைசா குறைக்கவில்லை. முணுமுணுத்தவர்களுக்கு, இதெல்லாம் காசு கொடுத்து நடத்தும் பிரசாரம் என்று அமைச்சர் கட்கரி பதில் சொன்னார். ஐயா, காசு கொடுத்தது நாங்கள்தான், பங்கில்.

அடுத்த முறை பெட்ரோல் போடும்போது, இதில் எத்தனால் எத்தனை சதவீதம் என்று பில்லில் அச்சடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கலந்ததற்கு ஏற்ப விலையைக் குறைக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.